காங்கேயத்து அப்பாவுக்கு: கல்லூரி உதவித்தொகையை எங்கே தேடுவது, எப்போது போடுவது

காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறார். மனைவி பேரில் மூன்று ஏக்கர் மேட்டாங்காடு, கட்டுத்தறியில் இரண்டு எருமை. மகள் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் 600-க்கு 531. இளையவன் ஏழாவது முடித்திருக்கிறான். குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. அவர் கேள்வி அவர் வார்த்தையிலேயே: "ஸ்காலர்ஷிப்பெல்லாம் ஆளும் பேரும் இருக்கறவங்களுக்குத்தான் கெடைக்கும்னு சொல்றாங்க, நெசமுங்களா? எங்க தேடறது, எப்பப் போடறது? ஒரு இஞ்சினியரிங் காலேஜ்ல இருந்து ரெண்டு பேரு வீட்டுக்கே வந்து, பாதி பீஸ் கொறைச்சுக்கறோம், இன்னைக்கே பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்றாங்க. கட்டீரலாமுங்களா?"

கட்டாதீங்க. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் நிறுத்துங்கள்.

ஈரோடு மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் பதினான்கு வருடம் பாடம் எடுத்ததோடு உதவித்தொகைப் பொறுப்பையும் பார்த்தவள் நான். வருடா வருடம் மே மாதம் கொங்கு நாட்டில் இது நடக்கிறது. மார்க் வந்த மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். "உங்க பொண்ணு மார்க்குக்கு எங்க காலேஜே ஸ்காலர்ஷிப் தருது" என்பார்கள். அவர்கள் சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்புகிற இடம். அந்த இடத்தில் சேர்ந்த நிமிடமே உங்கள் மகள் இரண்டு பெரிய உரிமைகளை இழக்கிறாள்.

ஒன்று, 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பில் இது வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் கிடைத்தாலும் சரி, பெருந்துறைப் பக்கமோ நாமக்கல் பக்கமோ தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் சரி, அப்படித்தான். இரண்டாவது, முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு அரசு கல்விக் கட்டணத்தில் தருகிற சலுகை இது. இதற்குச் சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

இந்த இரண்டும் கலந்தாய்வில் வருகிறவர்களுக்கு மட்டும்தான். வாசலுக்கு வந்தவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் "பாதி குறைத்து" சொல்கிற தொகையும் அதே கல்லூரியில் கலந்தாய்வு மாணவர் கட்டுகிற தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததை நான் பலமுறை ரசீதோடு பார்த்திருக்கிறேன். அசல் சான்றிதழ் கேட்டால் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கல்லூரிகள் அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே சொல்லியிருக்கிறது. ஒரு வருடம் ஒரு பையன் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தும் மதிப்பெண் பட்டியல் வேறொரு கல்லூரியின் பீரோவில் மாட்டிக்கொண்டதால் பத்து நாள் அலைந்தான். அவன் அம்மா அந்தக் கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார வேண்டியதில்லை. மாவட்டம்தோறும் சேவை மையம் உண்டு, அங்கே இலவசமாகவே செய்து தருவார்கள். பதிவு செய்யும்போது "ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி" என்ற இடத்தையும் "முதல் பட்டதாரி" என்ற இடத்தையும் மகள் தானே பார்த்து டிக் அடிக்கட்டும். விட்டுப்போனால் பிறகு சேர்ப்பது பெரும் பாடு.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆளும் பேரும் இருந்தால்தான் கிடைக்குமா? அரசு தருகிற தொகைகள் விதிப்படி வருகிறவை. தகுதி இருந்து, காகிதம் சரியாக இருந்தால் யார் சிபாரிசும் வேண்டாம். என் மேசைக்கு வந்த பிள்ளைகளில் தொகை கிடைக்காமல் போனவர்களை எண்ணினால், தகுதியில்லாமல் போனவர்கள் கொஞ்சம்தான். பேரில் ஓர் எழுத்து, வங்கியில் ஓர் இணைப்பு, கல்லூரியில் ஒரு கிளிக், இவற்றால் போனவர்கள்தான் ஏராளம். எங்கே தேடுவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். தேடுவது கால் பங்கு வேலை. முக்கால் பங்கு வேலை காகிதத்தைச் சரிசெய்வது. அதை மார்க் வந்த வாரமே தொடங்க வேண்டும்.

முதலில் பெயர். ஆதார், பத்தாவது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் நான்கையும் பாயில் வரிசையாக வைத்து மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய எதிரி. ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பா பேர் முழுசாக இருக்கும். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் இருப்பதுதான் கல்லூரி முழுக்கக் கூட வரும். அதற்கேற்ப ஆதாரை மாற்றுங்கள். ஆதாரில் உங்கள் போன் எண் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வந்தால் மகள் கல்லூரியில் கை பிசைந்து நிற்பாள். அவள் கையில் இருக்கும் எண்ணையே கொடுப்பது நல்லது.

அடுத்தது வருவாய்த் துறைச் சான்றுகள். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், ஆகவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று தனி. எல்லாமே இ-சேவை மையத்தில் போடலாம், விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் அலுவலகம் என்று படிப்படியாகப் போகும். மே கடைசியில் போட்டால் சுருக்கமாக முடியும். ஜூலையில் ஊரே போய் நிற்கும்.

வருமானச் சான்றில் உங்களுக்கு ஒரு சிக்கல் வரலாம். மனைவி பேரில் மூன்று ஏக்கர் பட்டா இருப்பதைப் பார்த்து "நெலம் இருக்குதுல்ல" என்று வி.ஏ.ஓ. கேட்பார். கேட்பது அவர் கடமை. அதற்காக நிலத்தை மறைக்காதீர்கள், சம்பளத்தையும் குறைக்காதீர்கள். அது வாய்க்கால் பாசனமா மேட்டாங்காடா, போன வருடம் என்ன விதைத்தீர்கள், எத்தனை மூட்டை வந்தது, பால் ஊற்றுவதில் என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். வானம் பார்த்த காட்டின் வருமானம் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும். சம்பளத்தையும் காட்டையும் பாலையும் கூட்டினாலும் உங்கள் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் வரும் என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து நினைக்கிறேன். அந்த இரண்டரை லட்சம் முக்கியமான கோடு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் உதவித்தொகைக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கான) உதவித்தொகைக்கும் அதுதான் வரம்பு.

மலை ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியர்தான் தருவார், விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். கடம்பூரிலோ கொல்லிமலையிலோ இருக்கிற பெற்றோர் பிள்ளை பத்தாவது படிக்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள். பிளஸ் டூ முடித்த பிறகு ஓடினால் முதல் வருடத் தொகை போய்விடும்.

இப்போது வங்கிக் கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் காணாமல் போவது இங்கேதான். அரசு இப்போது கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் போடுவதில்லை. ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்தக் கணக்குக்குப் போகும். அந்தியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இரண்டாம் வருடம் என்னிடம் வந்தாள். "மேடம், எல்லாருக்கும் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரலைங்க" என்றாள். தளத்தில் பார்த்தால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டுகிறது. அவள் கொடுத்த பாஸ்புக்கில் ஒரு பைசா இல்லை. அவளையே ஆதார் தளத்துக்குள் போகச் சொல்லி வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தோம். ஆறாவது படிக்கும்போது பள்ளியில் எல்லாருக்கும் ஜீரோ பேலன்ஸில் திறந்து கொடுத்த வேறொரு வங்கியின் பெயர் வந்தது. வீட்டுக்குப் போய்த் தேடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்து பாஸ்புக்கை எடுத்து வந்தாள். பக்கமெல்லாம் மஞ்சளாகி, ஓரத்தில் எலி கடித்திருந்தது. வங்கிக்குப் போனால் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு, முடங்கிக் கிடக்கிறது. அடையாளச் சான்றுகளை (கே.ஒய்.சி.) மறுபடி கொடுத்து உயிர்ப்பித்த பிறகுதான் பணம் கைக்கு வந்தது. அதற்குள் அரையாண்டு ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் பருவக் கட்டணத்துக்கு அவள் அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்திருந்தார்.

ஆகவே மகள் பேரில் ஒரே ஒரு கணக்கு நடப்பில் இருக்கட்டும். அந்த வங்கிக்கு நேரில் போய், "அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர ஆதாரை இணைத்துக் கொடுங்க" என்று படிவம் எழுதிக் கொடுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்து வைப்பது வேறு, மானியத்துக்கு இணைப்பது வேறு. கவுன்டரில் "ஆதார் குடுத்தாச்சுங்களே" என்பார்கள். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஆதார் தளத்தில் நிலையைப் பார்த்து, வங்கி பேரும் "ஆக்டிவ்" என்ற சொல்லும் வருகிற வரை விடாதீர்கள்.

காகிதம் தயாரானால் தேடலுக்கு வரலாம். உங்கள் மகளுக்கு எது எது பொருந்தும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடிக்கும் வரை உண்டு. பின்னால் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டம். அது 2024 ஆகஸ்ட் 9-ல் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கு நீங்கள் எந்த அலுவலகமும் ஏற வேண்டாம், கல்லூரி வழியாகவே பதிவாகும். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் இது உண்டு.

வகுப்புவாரி உதவித்தொகைகளும் கல்லூரி வழியாகத்தான். இப்போது யூமிஸ் என்ற ஒரே தளத்தில் மாணவர் விவரம் ஏறுகிறது. பள்ளியில் மாணவருக்குக் கொடுத்த எமிஸ் என்ற பதிவு எண்ணும் ஆதாரும் அதோடு இணைகின்றன. சேர்ந்த முதல் மாதத்திலேயே துறையில் உதவித்தொகை பார்க்கும் ஆசிரியர் யார் என்று மகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: போஸ்ட் மெட்ரிக் தொகையில் மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அடக்கம். வந்ததும் முதலில் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், வட்டிக்காரருக்கோ கல்யாணச் செலவுக்கோ திருப்பிவிட்டால் கடைசி வருடத்தில் ஹால் டிக்கெட் வாங்கும்போது நெருக்கும்.

மத்திய அரசுத் தொகைகள் தேசிய உதவித்தொகைத் தளத்தில். இதில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரோடு முகத்தையும் போனில் காட்டிச் சரிபார்ப்பார்கள். அப்போது கிடைக்கிற 14 இலக்க எண் படிப்பு முடியும் வரை செல்லும், அதை மகள் நோட்டில் எழுதி வைக்கட்டும். அங்கே இருப்பதில் கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை நம் பிள்ளைகள் பலருக்குப் பொருந்தும். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள், அதில் பாதி பெண்களுக்கு. பட்டப்படிப்பின் மூன்று வருடமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். "எண்பது பர்சென்ட் வாங்கினால்தான்" என்று இதைப் பற்றித் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வருடம் அதே வாரியத்தில், அதே பிரிவில் எழுதியவர்களை மார்க் வரிசையில் நிறுத்தினால் மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். அந்தக் கோடு வருடத்துக்கு வருடம் மாறும். 531 மார்க் அந்த வாய்ப்புக்குள் இருக்கிறது, போடாமல் விடக் கூடாது.

பொறியியலோ பாலிடெக்னிக்கோ சேர்ந்தால் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) தரும் பிரகதி உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை போடலாம். முதல் வருடத்தில் சேரும்போது அல்லது நேரடி இரண்டாம் வருடத்தில் சேரும்போது மட்டும்தான் புதிதாகப் போட முடியும். அதை விட்டுவிட்டு மூன்றாம் வருடம் என்னிடம் வந்த பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு சக்ஷம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு சுவநாத் என்று அதே 50,000 ரூபாய்க்கு வேறு இரண்டு திட்டங்கள் உள்ளன. அறிவியல் பட்டப்படிப்பு சேர்ந்து, வாரியத்தில் மேல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்த பிள்ளைக்கு இன்ஸ்பயர், ஆண்டுக்கு 80,000.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்த 12,000 ரூபாய் மத்திய உதவித்தொகைக்குப் போடும்போது வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கவில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். மகளுக்கு 7.5-ல் இடம் கிடைத்துக் கட்டணம் முழுக்க அரசு கட்டினால், 12,000-க்கு ஆசைப்பட்டு இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எது பெரிதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கலைக் கல்லூரியில் சேர்ந்தால்தான் இந்த 12,000 உங்களுக்குப் பெரிய தொகை.

உங்கள் வேலையை வைத்தும் தொகை உண்டு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர் நல நிதி என்று சின்னத் தொகை பிடித்திருந்தால், தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் பிள்ளைக்குக் கல்வி உதவி கேட்கலாம். விண்ணப்பத்தில் கம்பெனி கையெழுத்து வேண்டும். பீஸ் ரேட்டில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து ரோலில் பேர் இல்லையென்றால் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பள்ளிபாளையம், சோமனூர் விசைத்தறிக்காரர்களுக்கும், சங்ககிரி லாரி டிரைவர்களுக்கும், கட்டட வேலைக்காரர்களுக்கும் தனித்தனி வாரியம் உண்டு, எல்லாவற்றிலும் பிள்ளைகள் படிப்புக்கு உதவி இருக்கிறது. மனைவி பக்கம் பார்த்தால், புஞ்சை ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டைக்குத் தகுதி உண்டு; அதிலும் கல்வி உதவி வரும். ஒரே செலவுக்கு இரண்டு வாரியத்தில் கேட்காதீர்கள். எதில் கூடுதலோ அதில் கேளுங்கள்.

தனியார் பக்கம் வருவோம். அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து, வீட்டு நிலைமை மிகவும் மோசமாக இருக்கிற பிள்ளைகளுக்கானது. வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ரிலையன்ஸ் அறக்கட்டளை ஆண்டுக்கு 5,000 பேர் வரை தேர்ந்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை தருகிறது. பிளஸ் டூவில் 60 விழுக்காடு வாங்கி முதல் வருடத்தில் இருக்க வேண்டும், கணினியில் ஒரு தேர்வு எழுத வேண்டும், இரண்டரை லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. எதற்குமே விண்ணப்பக் கட்டணம் கிடையாது. யாராவது போனில் "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஸ்கேன் பண்ணுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் உடனே வையுங்கள். பள்ளிப் பேரும் மார்க்கும் சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இதைவிட நான் நம்புவது நம் ஊர் அறங்களை. பீளமேட்டில் 1926-ல் நான்கு அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்தபோது தர்மத்தை ஐந்தாவது பங்காளியாக வைத்துப் பங்கு ஒதுக்கித்தான் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவானது. அந்த வழக்கம் சின்ன அளவில் ஊர் ஊருக்கு இன்னமும் இருக்கிறது. குலதெய்வக் கோயில் அறக்கட்டளை, ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், மகள் படித்த பள்ளியின் பழைய மாணவர்கள், நீங்கள் வேலை செய்கிற கம்பெனி முதலாளியே கூட. தொகை ஐயாயிரமோ பத்தாயிரமோதான் இருக்கும். ஆனால் ஜூன் மாதமே கிடைக்கும். அரசுத் தொகை கைக்கு வர ஜனவரி, மார்ச் ஆகிவிடும். சில வருடம் அதற்கும் மேல். அதனால் சேர்க்கைக் கட்டணம், முதல் பஸ் பாஸ், புத்தகம் இவற்றுக்கு இந்தச் சின்னத் தொகைகளைக் கேளுங்கள்.

அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதை மகளே எழுதட்டும். போன வருடம் ஒரு பெண் எழுதிக் கொண்டுவந்த முதல் தாளில் "நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பம், எனவே தயவுகூர்ந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தது. அப்படி ஒரு கட்டுத் தாள் அவர்கள் மேசையில் கிடக்கும். "உங்க வீட்ல காலைல மொதல்ல எந்திரிக்கறது யாரு?" என்று கேட்டேன். அம்மா என்றாள். நான்கு மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு எட்டு மணிக்கு செக்கிங் வேலைக்குப் போகிறார், ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரிதான் வீடு. பாலை ஊற்றிவிட்டு வருவது இவள் வேலை, அந்தக் கணக்கு நோட்டை ஏழாவதிலிருந்து எழுதுகிறவளும் இவள்தான். "அதை எழுது" என்றேன். இரண்டாவது தாளில் அந்த நோட்டைப் பற்றியும், அதனால் பி.காம். படிக்க ஆசை வந்ததையும், முதல் வருடச் செலவில் எது கையில் இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கையும் எழுதினாள். "மிகவும் ஏழ்மை" என்ற சொல் அதில் வரவே இல்லை. கொடுத்தார்கள்.

போட்ட பிறகு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "போட்டாச்சு" என்று உட்கார்ந்துவிடுகிற இடம் அது. தேசியத் தளத்தில் மாணவி சமர்ப்பித்தால் அது பாதி வழிதான். கல்லூரிப் பொறுப்பாளர் தன் லாகின்னில் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், அதற்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு. நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில், பொறுப்பாளர் மாறிப் போன வருடம், புது ஆளுக்குக் கடவுச்சொல் கிடைக்காமல் முப்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் கடைசித் தேதிக்குள் நகரவே இல்லை. பிள்ளைகள் எல்லாரும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஆகவே மகள் வாரம் ஒருமுறை நிலையைப் பார்க்கட்டும். "டிஃபெக்டிவ்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு காகிதம் சரியில்லை, திருத்தி மறுபடி அனுப்பு என்று அர்த்தம். ஆனால் அதற்குக் கொடுக்கிற நாள் குறைவு. வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும், தானாக வராது. மத்திய உதவித்தொகைக்கு 50 விழுக்காடு மார்க்கும் 75 விழுக்காடு வருகையும் தேவை. மாரியம்மன் நோம்பி, சொந்தக்காரர் கல்யாணம் என்று லீவு போடும்போது இந்த 75-ஐ நினைவில் வையுங்கள்.

பொறியியல்தான் என்று இல்லாமல் மகளுக்கு வேறு விருப்பம் இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். திருப்பூர் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியில் நல்ல பாடம் கிடைத்தால் வருடக் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான், பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கோவையில் சேர்ந்து தங்க வேண்டியிருந்தால் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உணவும் தங்கலும் இலவசம். ஒரு வருட விடுதிச் செலவைக் கணக்குப் போட்டால் எந்த உதவித்தொகையையும் விட அது பெரிது. வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குக் கிடையாது.

இளையவனையும் மறக்காதீர்கள். இந்த வருடம் எட்டாவது போகிறான். என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வை எட்டாவதில்தான் எழுத முடியும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000, நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரிடம் பேர் கொடுங்கள். அவன் மேல் வகுப்புக்குப் போன பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, எந்த வகுப்பில் எழுதலாம் என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் தேர்வாகும் 1,000 அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு காகிதத்தையும் பாயில் பரப்புங்கள். திங்கள் காலையில் ஒரு ஷிப்ட் போனாலும் பரவாயில்லை என்று மகளையும் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் போட்டுவிட்டு, அப்படியே வங்கிக்குப் போய் அந்த ஆதார் படிவத்தை எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்தவர்கள் மறுபடி போன் செய்தால், "கவுன்சிலிங் முடியட்டுமுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வி.ஏ.ஓ. விசாரணையில் நிலத்தைப் பற்றி ஏதாவது தடை வந்தால் என்ன கேட்டார் என்பதை எனக்கு எழுதுங்கள், என்ன பதில் கொடுப்பது என்று பார்க்கலாம்.